ஆறாம் நம்பர் காரணம்

கணவன் முதல் கவளத்தை வாயில் வைத்த நேரத்தில் மனைவியின் கைப்பேசி சிணுங்கியது. எடுத்துப் பார்த்தவளின் முகம் சுருங்கியது. ஒரு பெருமூச்சு விட்டு, அதிலேயே ஓர் எண்ணை அழுத்தினாள். மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த கணவனின் சட்டைப்பையில் மணி அடித்தது.

எடுங்கள் என்று சத்தமில்லாமல் வாயை அசைத்துக் காட்டினாள். அவன் எச்சில் கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையால் எடுத்தான். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று ஒரு பெண்குரல் இருவர் காதிலும் ஒரே நேரத்தில் சொன்னது.

"வணக்கம் டிரைவர் சார். இருபத்தேழாம் நம்பர் வண்டி இருபது நிமிஷமா நகரலையே, என்ன காரணம்?"

"வணக்கம் மேடம். சாப்பிட நிறுத்தியிருக்கேன்."

"எங்க சார்?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். சுவரில் நாள்காட்டி, கொடியில் காயும் துண்டு, அடுப்படி வாசலில் இடுப்பில் கைவைத்து நிற்கும் அம்மா. "ரோட்டோரமா ஒரு சாப்பாட்டுக் கடை மேடம்."

"கடையாம்ல கடை!" என்றாள் அம்மா.

"பின்னால யாரு சார் பேசறது?"

"கடைக்காரம்மா, மேடம். கொஞ்சம் வாய் ஜாஸ்தி."

"சரி சார். சீக்கிரம் கிளம்புங்க. பாதுகாப்பா ஓட்டுங்க. நன்றி."

இருவரும் கைப்பேசியைக் கீழே வைத்தார்கள். அவள் அவனுடைய தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். நாற்பத்தோரு நாளுக்குப் பிறகு வீட்டுக்கு வந்திருக்கும் மனிதன். தெருமுனையில் லாரியை நிறுத்திவிட்டு ஓடிவந்து, கையைக் கழுவிய ஈரம் காய்வதற்குள் இந்தக் கூத்து.

கூத்தின் காரணத்தைச் சொல்லிவிடுவது நல்லது. அவள் அந்த லாரிக் கம்பெனியில் டிஸ்பேட்சர். எந்த வண்டி எங்கே சரக்கு ஏற்ற வேண்டும், எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும், வழியில் ஏன் நின்றது என்றெல்லாம் பார்த்து, டிரைவர்களைக் கைப்பேசியில் விரட்டுவது அவள் வேலை. வீட்டின் முன்னறையில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு பதினாலு வண்டிகளை ஓட்டினாள். ஆபீசுக்கு வருஷத்தில் ஒருநாள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாள், அவ்வளவுதான்.

இந்த வேலைக்குச் சம்பளம் என்றால் ஒரே தொகை என்று நினைத்துவிடக் கூடாது. அது மூன்று துண்டு. முதல் துண்டு அடிப்படை. அதை வைத்து வீட்டு வாடகை கொடுத்துவிடலாம், பிறகு அந்த வீட்டில் பட்டினி கிடக்கலாம். இரண்டாவது சக்கரக் காசு. வண்டிகள் ஓடுகிற கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஏறும், நிற்கிற மணிக்கு இவ்வளவு என்று இறங்கும். மூன்றாவது தங்கல் காசு. ஆறு மாதம் அவளுடைய டிரைவர்களில் ஒருவர்கூட வேலையை விட்டுப் போகாமல் இருந்தால் மொத்தமாக ஒரு தொகை வரும். ஒருவர் போனாலும் அது அப்படியே போச்சு.

ஆக, டிரைவரை வீட்டுக்கு விடவும் கூடாது, விடவில்லையே என்று அவர் முறைத்துக்கொண்டு போய்விடவும் கூடாது. ஒரு கையால் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே மறு கையால் தலையைத் தடவிக்கொடுக்க வேண்டும். இதை உட்கார்ந்து யோசித்த மகராசன் யாரோ, அவர் யாரையாவது ஒருநாளாவது தடவிக்கொடுத்திருப்பாரா என்று அவளுக்குச் சந்தேகம்.

கணவனும் மனைவியும் ஒரே வரிசையில் வேலை பார்க்கக் கூடாது என்று கம்பெனியில் ஒரு விதி உண்டு. அதனால் இருவரும் கல்யாணத்தை மறைத்துவிட்டார்கள். ஏழு வருஷமாகப் பதிவாகும் அழைப்பில் அவள் மேடம், அவன் டிரைவர் சார். இருவருடைய கோப்பிலும் ஒரே விலாசம்தான் இருந்தது, ஆனால் அந்தக் கோப்புகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை. வேறு வரிசைக்கு அவனை மாற்றியிருக்கலாமே என்றால், அவள் மாட்டேன் என்பாள். வேறு வரிசை டிஸ்பேட்சர் அவனைத் தூங்கவிட மாட்டார். இவளிடம் இருந்தால் நாளுக்கு ஆறு மணி நேரமாவது கண்ணை மூடுவான். அவளுக்குத் தெரிந்த காதல் அதுதான்.

சாப்பாடு பாதியில் இருக்கும்போது அவள் சொன்னாள்.

"டாக்டர் தேதி கொடுத்துட்டாங்க. நாளைக்கு, வியாழக்கிழமை."

அவன் கை நின்றது. அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி, கர்ப்பப்பையையே எடுத்தாக வேண்டும். இரண்டு தடவை ஆபரேஷனைத் தள்ளிப்போட்டாயிற்று. ஒரு தடவை வருஷக் கடைசிச் சரக்கு நெருக்கடி, இன்னொரு தடவை பாலம் உடைந்து ஐந்து வண்டிகள் சுற்றுவழியில் போன வாரம். இதற்குள் ரத்தம் போய்ப்போய் உதடு வெளுத்துவிட்டது. மாடிப்படி நாலு ஏறினால் மூச்சு வாங்கியது.

"இந்தத் தடவையும் வரலைன்னா வேற டாக்டரைப் பாத்துக்கச் சொல்லிட்டாங்க. நீங்க கையெழுத்துப் போடணும். மூணு நாள் கூட ஆள் இருக்கணும்."

"நான் இருக்கேன்" என்றாள் மாமியார்.

"மூணாவது மாடி அத்தை. லிஃப்ட் நோயாளிக்கு மட்டும்தானாம்."

மாமியார் தன் முழங்கால்களைக் குனிந்து பார்த்தாள். இரண்டும் பேச்சுக்குத்தான் கூட வரும், மாடிக்கு வராது.

"நான் இருக்கேன்" என்றான் அவன். "லீவு எழுது."

"எந்தக் காரணம் போட?"

இங்கேதான் சிக்கல். வண்டி நின்றால் ஒரு நம்பர் போட வேண்டும். சரக்கு ஏற்றுதல், இறக்குதல், பழுது, சோதனைச்சாவடி என்று முதல் நாலும் சாலையில் நடப்பவை. ஐந்து என்பது டிரைவரின் சொந்தக் காரணம். காய்ச்சல், பல்வலி, பிள்ளையின் பள்ளிக்கூடம், பெண்டாட்டியின் ஆபரேஷன், எல்லாம் ஐந்து. ஐந்து விழுந்தால் ஒவ்வொரு மணிக்கும் டிஸ்பேட்சரின் சக்கரக் காசில் வெட்டு விழும். மூன்று நாள் என்றால் எழுபத்திரண்டு மணி.

ஆறாம் நம்பர், டிரைவர் வீட்டில் மரணம். அதற்கு மூன்று நாள், யாருக்கும் வெட்டு இல்லை. இந்த ஆறாம் நம்பர் வந்ததற்கு ஒரு கதை சொல்வார்கள். முன்னொரு காலத்தில் ஒரு டிரைவருக்குத் தாய் இறந்த செய்தி வந்ததாம். அவருடைய டிஸ்பேட்சர், சரக்கை இறக்கிவிட்டுப் போய் அழுங்கள் என்றாராம். அவர் லாரியை நேரே கொண்டுவந்து முதலாளி வீட்டு வாசலில் குறுக்கே நிறுத்தி, சாவியைச் சாக்கடையில் போட்டுவிட்டு நடந்தே ஊருக்குப் போய்விட்டாராம். முதலாளியின் கார் நாலு நாள் வெளியே வரவில்லை. ஐந்தாம் நாள் ஆறாம் நம்பர் வந்தது.

அன்றிலிருந்து அந்தக் கம்பெனி டிரைவர்களின் வீடுகளில் சாவு பெருகிவிட்டது. ஊரில் எந்தக் கொள்ளைநோயும் இல்லை, இவர்கள் குடும்பங்களில் மட்டும் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள். ஒன்பதாம் நம்பர் வண்டி டிரைவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியபோது அவருடைய அப்பா காலமானார். நாலாம் நம்பர் வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்தது, அம்மா போய்ச் சேர்ந்தார். எல்லாம் இவள் கையால் நடந்தவைதான். கொன்றால்தான் சம்பளம் குறையாது, கொல்லாவிட்டால் டிரைவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார். இந்த ஏழு வருஷத்தில் அவள் கொன்றவர்களை வரிசையாக நிற்கவைத்தால் தெருக்கோடி வரை நிற்பார்கள், எல்லாரும் நல்ல ஆரோக்கியமாக.

"அஞ்சு போட்டா ஆஸ்பத்திரிக்கு எடுத்து வச்சதுல பாதி போயிரும்" என்றாள்.

"அப்ப ஆறு போடு. அம்மாவைப் போட்டுரு" என்றான் அவன், டிரைவர்கள் வழக்கமாகச் சொல்வதைப்போல. பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எங்கடா போடப்போறீங்க என்னை?"

மாமியார் மருமகளைப் பார்த்தாள். மருமகள் மேசைத்துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னாள்:

"அத்தை, நீங்க கம்பெனில போன வருஷமே காலமாயிட்டீங்க. இவருக்குக் காய்ச்சல் வந்துச்சுல்ல, அப்போ."

மாமியார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"காய்ச்சல் அவனுக்கு. செத்தது நானா?"

"காய்ச்சலுக்கு லீவு இல்ல அத்தை."

"சரி, உங்க மாமாவை எழுதியிருக்கலாம்ல? அவரு நெசமாவே போய்ப் பதினோரு வருஷமாச்சே, அவருக்கு ஒண்ணும் நஷ்டமில்லையே."

"மாமாவை அதுக்கு முந்தின வருஷமே எழுதியாச்சு. வீட்டுக்குள்ள மழைத்தண்ணி வந்துச்சுல்ல."

மாமியார் விரல் விட்டு எண்ணினாள். "அங்கயாவது மனுசன் ஒம்பது வருஷம் கூட இருந்துட்டுப் போயிருக்காரே" என்றாள். அவள் குரலில் நிஜமாகவே ஒரு திருப்தி இருந்தது. "போகட்டும். நான் இன்னொரு தடவை செத்துட்டுப் போறேன், இப்ப என்ன? எழுது."

மருமகள் கணினிமுன் போய் உட்கார்ந்தாள். மற்ற இருவரும் பின்னால் வந்து நின்றார்கள். இருபத்தேழைத் திறந்து, ஆறைப் போட்டு, தாய் என்ற இடத்தைத் தொட்டாள். 'இந்த உறவு ஏற்கெனவே முடிக்கப்பட்டது' என்றது திரை. கம்பெனி இறந்தவரின் பெயரைக் கேட்பதில்லை. உறவு போதும். ஓர் உறவு ஒருமுறைதான் சாகலாம்.

தந்தையும் முடிந்திருந்தது. மிச்சமிருந்தவை இரண்டு. ஒன்று குழந்தை. மற்றது மனைவி.

குழந்தை என்ற சொல்லின்மேல் மூவரின் கண்ணும் ஒரு கணம் நின்றது. அவர்களுக்குக் குழந்தை இல்லை. இனி வியாழக்கிழமைக்குப் பிறகு பேச்சுக்கும் இடமில்லை. பிறக்காத பிள்ளையை எழுத அவளுக்குக் கை வராது என்று அவனுக்குத் தெரியும். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"அப்ப நான்தான்" என்றாள் அவள்.

"ஐயோ, அது வேணாம். அஞ்சே போடு. பணத்துக்கு நான் எங்கயாவது கேக்கறேன்."

"எங்க கேப்பீங்க? கேக்கறதுக்கு நாலு இடம் போகணும், அதுக்கு வண்டி நிக்கணும், அதுக்கும் அஞ்சுதான்."

ஆனாலும் அவள் விரல் 'மனைவி'யின்மேல் போய் நின்றுவிட்டது. தெருக்கோடி வரைக்கும் ஆட்களைச் சாய்த்தவள், தன்முறை வந்ததும் தயங்கினாள். ஆபரேஷன் வேறு இருக்கிறதே என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது.

"என்னை எழுதினப்ப கை நடுங்கலை, உன்னை எழுதறப்ப மட்டும் நடுங்குதா? தள்ளு" என்று மாமியார் குனிந்து, மருமகளின் விரலின்மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள். 'ஆழ்ந்த இரங்கல்' என்றது திரை. மூன்று நாள் ஒப்புதல் ஆகிவிட்டது.

"மாமியா கையாலயே மருமக போயிட்டா" என்றாள் கிழவி. "இதை வெளிய சொன்னா நாலு பேர் உடனே நம்பிருவாங்க." பிறகு மருமகளின் தலையில் கை வைத்து, "நூறு வயசு இருப்ப. போ, போய்ச் சாப்பிடு" என்றாள்.

சாப்பிட விடவில்லை. ஐந்தாவது நிமிஷம் மேனேஜர் கூப்பிட்டார்.

"ஏம்மா, உங்க இருபத்தேழுக்கு மனைவி காலமாயிட்டாங்களாமே. திரையில வந்துச்சு."

"ஆமா சார்."

"எப்படிம்மா?"

"ரொம்ப நாளா உடம்பு சரியில்ல சார். வைத்தியம் தள்ளிப்போச்சு."

"அடப்பாவமே. பாருங்க, துக்கத்துல டிரைவருங்க வேலையை விட்டுட்டுப் போயிடறாங்க. உங்க தங்கல் காசுக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு. அவருக்குப் போன் பண்ணி நாலு வார்த்தை ஆறுதலாப் பேசுங்க. பதிவாகற லைன்லயே பேசுங்க. ஆறுதல் சொன்னோம்னு நமக்கு ஒரு சாட்சி வேணும். மலர்வளையம் நான் அனுப்பிடறேன். நாளைலேர்ந்து நீங்களும் லீவுன்னு போட்டிருக்கீங்க, அதுக்குள்ள பேசிடுங்க."

அவள் எண்ணை அழுத்தினாள். பக்கத்தில் நின்றவனின் பையில் மணி அடித்தது. கம்பெனி கொடுத்திருந்த ஆறுதல் வாசகத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டாள்.

"வணக்கம் டிரைவர் சார். தங்கள் துணைவியாரின் மறைவுச் செய்தி அறிந்து நிறுவனம் மிகுந்த வேதனை அடைகிறது."

"நன்றி மேடம்."

"இந்த நேரத்தில் நிறுவனம் தங்களோடு தோளோடு தோள் நிற்கிறது."

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு வயிற்றைக் குலுக்கியது. அவனும் சிரிக்கப்போகிறான் என்றுதான் மனைவி நினைத்தாள். அவனைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே அடுத்த வரியைப் படித்தாள்:

"தங்கள் துணைவியாரைப் பற்றி ஏதேனும் பகிர விரும்பினால் பகிரலாம்."

"அவ நல்லவ மேடம்" என்றான் அவன். "எப்ப போன் பண்ணாலும் முதல்ல தூங்கினீங்களான்னுதான் கேப்பா. கல்யாணமாகி ஒம்பது வருஷம். அவளுக்குன்னு ஒரு முழு நாள் நான் கொடுத்ததில்ல மேடம். உடம்பு முடியலன்னு அவ சொன்னப்போ நான் ஓட்டிக்கிட்டிருந்தேன். அடுத்த தடவை பேசலாம்னு வச்சுட்டேன். ரெண்டு தடவை அப்படி வச்சுட்டேன்."

திரையில் அடுத்த வரி இருந்தது. அவளால் படிக்க முடியவில்லை. எழுத்தெல்லாம் கலங்கிப்போய்விட்டது. அவன் சுவரைப் பார்த்து நின்று பேசிக்கொண்டிருந்தான். நேருக்கு நேர் ஒருநாளும் சொல்லாதவன். சொல்வதற்கு அவள் சாக வேண்டியிருந்தது.

"அவங்களுக்கு... அவங்களுக்கு அதெல்லாம் தெரியும் சார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். மாமியாரின் சிரிப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அவளுடைய பதினாலு வண்டிகளையும் அந்த நாட்களுக்கு வேறொரு டிஸ்பேட்சர் பார்த்துக்கொண்டார், கிலோமீட்டரும் அவர் கணக்கிலேயே போயிற்று. அவன் கையெழுத்துப் போட்டான், ரத்தத்துக்கு ஓடினான், மூன்று நாளும் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் உட்கார்ந்தபடியே இருந்தான். ஓட்டாமல் உட்கார்ந்து பழக்கமில்லாததால் அவன் வலது கால் தானாகத் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. நர்ஸ் வந்து அவள் நாடியைப் பார்த்துவிட்டு, "இவர் காலை யாராவது பிடிங்க, கட்டில் ஆடுது" என்றாள். அவள் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். கணினியும் லாரியும் இல்லாமல் இத்தனை நாள் சேர்ந்தாற்போல அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் மதியம் வீட்டுக்கு வந்தபோது வாசலில் மலர்வளையம் சாய்ந்திருந்தது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். ரிப்பனில், 'இருபத்தேழாம் எண் ஓட்டுநரின் துணைவியாருக்கு' என்றும், கீழே கம்பெனியின் வாசகமான 'எங்கள் சக்கரங்கள் நிற்பதில்லை' என்றும் இருந்தது. அது கதவை அடைத்துக்கொண்டு நின்றதால் அவளைத் தாங்கிப் பிடித்தபடி உள்ளே நுழைவதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மாமியார் வளையத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பூவைத் தொட்டுப் பார்த்தாள். நிஜப் பூ.

"நான் செத்தப்போ ஒண்ணும் வரலையே?" என்றாள்.

"அம்மாவுக்கு வெறும் கடுதாசிதான் அத்தை. வளையம் பொண்டாட்டிக்கு மட்டும்."

"கடுதாசியாவது காட்டினியா நீ?" என்று மகனைப் பார்த்து முறைத்தாள் கிழவி. அவளுக்கு நிஜமாகவே மனத்தாங்கல். அன்று சாயங்காலம் வரை மகனிடம் பேசவில்லை.

கட்டிலில் சாய்ந்த அரை மணியில் கைப்பேசி அடித்தது. மேனேஜர்.

"ஏம்மா, நீங்க லீவுன்னு தெரியும். ஆபரேஷன் நல்லா ஆச்சா? சந்தோஷம். இருபத்தேழு உங்க வண்டிதானே. மூணு நாள் முடிஞ்சுபோச்சு, இன்னும் கிளம்பலையே. ஒரு போன் போட்டுக் கிளப்பிவிடுங்க."

டாக்டர் ஒரு வாரம் எழுந்து நடமாடக் கூடாது என்றிருந்தார். குளியலறைக்குப் போகவும் ஆள் பிடிக்க வேண்டும். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்தபடி சாவியைக் கையில் எடுத்து வைத்திருந்தான். எழுந்துவிட்டான். அந்தச் சாவிச் சத்தம்தான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"கிளம்ப மாட்டார் சார்."

"ஏன்? வேலையை விடறாரா?"

"இல்ல. பொண்டாட்டியைப் பாத்துக்கணும்."

"அம்மா, அவங்கதான் இறந்துட்டாங்களே."

"சாகலை சார். நான்தான் அது. நான்தான் செத்தேன், நான்தான் பேசறேன். ஒம்பது வருஷமா நான்தான் அவர் பொண்டாட்டி. வளையம் வந்துச்சு, ரொம்ப நன்றி, வாசலை அடைச்சுக்கிட்டு நிக்குது. உயிரோட இருக்கற பொண்டாட்டிக்கு ஆபரேஷன்னா வெட்டறீங்க, செத்துட்டான்னா பூ அனுப்பறீங்க. நான் சாகாம வேற என்ன சார் பண்றது? இது பதிவாகற லைன்தானே? நல்லாப் பதியட்டும்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு வியர்த்துவிட்டது. இருவர் வேலையும் போச்சு என்று நினைத்தாள். அவன் சாவியைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பதிவைப் பத்திக் கவலைப்படாதீங்கம்மா. அதை யாரும் கேக்கறதில்ல."

"என்ன சார்?"

"கேக்கறதுக்கு ஆள் போட்டா அவனுக்குச் சம்பளம் கொடுக்கணுமே. ஆரம்பத்துலேர்ந்தே யாரும் கேட்டதில்ல."

ஏழு வருஷம். எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு எத்தனை வணக்கம், எத்தனை சார், எத்தனை மேடம். யாரும் கேட்கவே இல்லையாம்.

"உங்க பேச்சை நான் மேல கொண்டுபோனா உங்களைத் தூக்குவாங்க. உங்க பதினாலு பேரும் உங்க பின்னாலயே போயிடுவாங்க. எனக்கும் உங்க சக்கரத்துல இருந்துதான்மா வருது, நான் மட்டும் என்ன வானத்துலேர்ந்தா சாப்பிடறேன்? நான் ஒண்ணும் கேக்கலை. ஆனா நீங்க உயிரோட இருக்கீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே அதை ஆறுன்னு விட முடியாது. வெட்டத்தான் செய்யணும். ஒரு வாரம் நிக்கறதுக்கும் சேர்த்து."

"வெட்டிக்குங்க" என்றாள். "ஆனா எதுக்கு வெட்டினீங்கன்னு சம்பளச் சீட்டுல எழுத்துல வேணும்."

அவன் சாவியை ஆணியில் மாட்டினான். ஒரு வாரம் அது அங்கேயே தொங்கியது. தெருமுனையில் லாரி நின்ற இடத்தில் நாய்கள் நிழலுக்குப் படுத்தன. மாமியார் வளையத்தின் பூக்களைப் பிய்த்துப் போட்டுவிட்டு, உள்ளேயிருந்த மூங்கில் வட்டத்தை கொல்லையில் காயும் அப்பளத்தின்மேல் துணி பறக்காமலிருக்க எடுத்துக்கொண்டாள். "எனக்கு வர வேண்டியது" என்றாள்.

மாதக் கடைசியில் சீட்டு வந்தது. வழக்கமான வரிகளுக்குக் கீழே, பட்டியலில் இடமே இல்லாததால் யாரோ தனியாகத் தட்டச்சு செய்து சேர்த்திருந்தார்கள்: 'கழிவு: இறந்ததாகப் பதியப்பட்ட மனைவி உயிருடன் இருப்பது. பத்து நாள்.' கணவனின் சீட்டிலும் ஒரு வரி இருந்தது: 'மலர்வளையத் தொகை திரும்பப் பெறுதல்.'

அவள் அதை இரண்டு தடவை உரக்கப் படித்தாள். ஆஸ்பத்திரிக் கடனின் மிச்சத்தை இனி நாலு மாதம் கட்ட வேண்டும். கோபத்தில் அவளுக்குக் காதெல்லாம் சூடாயிற்று.

"உசுரோட இருக்கறதுக்கு அவ்வளவு புடிச்சிருக்கானா?" என்றாள் மாமியார்.

அவன் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான். நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் ஓய்வெடுக்கும் இடத்தில் அதைக் காட்டினானாம். முதலில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். பிறகு ஒருவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, எங்கம்மாவை நான் ரெண்டு கம்பெனியில கொன்னிருக்கேன் என்றாராம். அதற்குமேல் யாருக்கும் சிரிப்பு வரவில்லையாம்.

அவன் அதைக் காட்டிய இரண்டாம் நாள் காலையில் அவள் தையலைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து கணினிமுன் உட்கார்ந்தபோது முதல் அழைப்பு ஒன்பதாம் நம்பரிடமிருந்து வந்தது. பதிவு செய்யப்படுகிறது என்று பெண்குரல் வழக்கம்போலச் சொல்லி முடித்தது.

"வணக்கம் மேடம். எங்கப்பாவைப் பத்திச் சொல்லணும்."

"சொல்லுங்க சார்."

"அவரு சாகலை மேடம். பல்லு புடுங்கினப்போ நீங்க எழுதினது. அவரு வீட்டுலதான் இருக்காரு. எம்பத்திரண்டு வயசு, காது மட்டும் கேக்காது. பதிவாகுதுங்களா?"

"ஆகுது சார். ஆனா யாரும் கேக்க மாட்டாங்க. நான் எழுதிடறேன்."

"ரெண்டு நாள் அவரோட இருந்துட்டு வரேன். உடம்புக்கு ஒண்ணுமில்ல. சும்மாதான், கூட உக்காந்து சாப்பிடணும். அஞ்சு போடுங்க. உங்களுக்கு வெட்டு விழுமே மேடம்?"

"விழட்டும் சார். அவருக்குப் பக்கத்துல உக்காந்து சத்தமாப் பேசுங்க."

அவள் ஒன்பதைத் திறந்து ஐந்தைப் போட்டாள். அதன் பக்கத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. இத்தனை வருஷத்தில் யாரும் எதையும் எழுதாத கட்டம். அதில் எழுதினாள்: 'ஓட்டுநரின் அப்பா உயிருடன் இருக்கிறார். அவரைப் பார்க்கப் போகிறார்.' எழுதி முடிப்பதற்குள் நாலாம் நம்பர் கூப்பிட்டார். அவருடைய அம்மாவும் இருக்கிறாராம்.

மாமியார் பின்னால் வந்து நின்று, திரையை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"அப்படியே இருபத்தேழையும் திற" என்றாள். "போன வருஷமே நான் திரும்பி வந்துட்டேன்னு எழுது. எம் மகன் என்னைப் பாக்கவும் ஒருநாள் வரணும்."

மருமகள் இருபத்தேழைத் திறந்து, அடுத்த மாதத்தில் ஒரு நாளைத் தேர்ந்து, ஐந்தைப் போட்டாள். குறிப்பில் மாமியார் சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள். சரியாக இருக்கிறதா என்று கிழவி இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள். பிறகு குனிந்து, தானே அழுத்தினாள்.